பாடைச்சுழிப் பசு

எங்கள் குடும்பம் மொத்தமாக உல்லாசப் பயணம் போனது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைப் பற்றி யாராவது கேட்டால் நான் ஒரு மாட்டின் முதுகைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். "பண்ணையெல்லாம் பாக்கப் போறோம்" என்று அப்பா எங்களிடம் சொன்னார். தம்பி நம்பினான். அவனுக்கு ஐந்து வயது, எதையும் நம்புவான். எனக்குப் பத்து. நான் நம்பவில்லை. ஆனாலும் பெருநாளுக்குத் தைத்த கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டேன், கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று.

அப்பா மலாயாவில், லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பேதி, பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் அப்பாதான். அவருக்கு மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையில் முழு நம்பிக்கை. மாதாவிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்பிக்கை. மற்றபடி பல்லி கத்துவது, பூனை குறுக்கே போவது, கிளம்பும்போது யாராவது தும்முவது, எல்லாமே அவருக்கு 'நான்சென்ஸ்'. அவர் வீட்டில் பேசிய இங்கிலீஷ் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான்.

விஷயம் என்னவென்றால், எங்கள் தங்கை செத்துக்கொண்டிருந்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாலு மாதக் குழந்தை. அம்மாவுக்கு மலேரியா வந்து பால் நின்றுபோயிருந்தது. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் குடிப்பாள், உடனே வாந்தி எடுப்பாள், எடுக்காவிட்டால் வயிற்றால் போகும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பசு வைத்திருந்தது ஒரே வீடு, அந்தப் பசுவும் வற்றிப்போய்விட்டது. அப்பா டவுனிலிருந்து சைக்கிளில் பால் வாங்கி வந்து பார்த்தார். பத்து மைல் வெயிலில் வருவதற்குள் அது திரிந்துபோயிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை ஆஸ்பத்திரித் தராசில் வைத்து நிறுப்பார். இரண்டு வாரமாக அவர் எடையைச் சொல்வதை நிறுத்தியிருந்தார். அம்மாவும் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

ஆகவே ஒரு பசு வாங்க வேண்டும். பசு வாங்குவதென்றால் மாடு தெரிந்தவர் வேண்டும். மாடு தெரிந்தவர் என்று எங்கள் குடும்பத்தில் இருந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். பெக்கோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வேலை. பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறி வந்தவர். அதுவரைக்கும் ஊரில் மாடு மேய்த்திருக்கிறார். அந்த வயதுக்குள்ளேயே மாட்டைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டதாகவும், அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்றும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார். மேலெல்லாம் புகை வாடை.

மாமாவுக்கு மாட்டின் மடியோ பல்லோ முக்கியமில்லை. சுழிதான் முக்கியம். மாட்டின் தோலில் மயிர் சுழித்துக்கொண்டு நிற்குமே, அது எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதில் வாங்குகிறவன் தலையெழுத்தே இருக்கிறது என்பார். கோபுரச் சுழி வீட்டை உயர்த்தும். விலங்குச் சுழி ஜெயிலுக்கு அனுப்பும். முதுகில் பூரான் மாதிரி மயிர் மேலே ஏறினால் நல்லது, கீழே இறங்கினால் குடும்பமே இறங்கும்.

"மச்சான், போன மாசம் பூசைல சாமியார் என்ன சொன்னாரு? சகுனம் பாக்குறது பாவம்னாரா இல்லையா?" என்று அப்பா கேட்டார்.

"சகுனம் பாக்கக் கூடாதுன்னாரு. மாடு பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே மாப்ள" என்றார் மாமா.

சாமியார் என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அவர் வராத ஞாயிறாகப் பார்த்துக் கிளம்பினோம். அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டாள், முட்டை அவித்து எடுத்துக்கொண்டாள், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தோட்டத்து மாட்டு வண்டியை மாமா இரவல் வாங்கியிருந்தார். அந்த வண்டி மாட்டுக்கு எல்லாமே ராஜ சுழி என்று அவரே சொன்னார். நடப்பது மட்டும் அதற்குப் பிடிக்கவில்லை.

அப்பா மாமாவுக்கு முன்னால் கீழே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு அடர்த்தியான முடி, நல்ல கிராப்பு, தினமும் எண்ணெய் தடவி வாருவார். மாமா மாட்டை ஓட்டுவதை விட்டுவிட்டு அந்தத் தலையையே பார்த்தார்.

"ரெட்டைச் சுழி. கல்யாணத்தன்னிக்கே பாத்தேன். மாப்ளைக்கு ரெண்டு பொண்டாட்டி யோகம் இருக்கு" என்றார்.

"கல்யாணத்தன்னிக்கே பாத்தியே, அப்பவே ஏண்ணே சொல்லல?" என்றாள் அம்மா.

"பந்தி போட்டுட்டாங்க. சரி, சாப்பாடு வீணாப் போகுமேன்னு விட்டுட்டேன்."

அம்மா சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா "நான்சென்ஸ்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

முதலில் போனது ஒரு சீனருடைய பண்ணை. அங்கே ஒரு பசு இருப்பதாக மாமாவிடம் யாரோ சொல்லியிருந்தார்களாம். கண்ணுக்கு எட்டியவரை அன்னாசி, நடுவில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு வீடு, அதன் பின்னால் பன்றிகள். மாமா கைகளைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டி, "லெம்பு, லெம்பு" என்று மலாயில் பசுவைக் கேட்டார்.

"லெம்பு தடா" என்றார் சீனர். பசு இல்லையாம். எங்களைப் பார்த்தால் பாவமாக இருந்ததோ என்னவோ, "பாபி அடா" என்று பன்றிகளைக் காட்டினார்.

தம்பிக்கு அதுவே போதும், ஒரு பன்றிக்குட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றான். மாமா சும்மா இருக்க மாட்டாமல் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்து, ஒரு தாய்ப் பன்றிக்கு லட்சுமி சுழி இருக்கிறது என்றும், அது மாட்டில் இருந்திருக்க வேண்டியது என்றும் வருத்தப்பட்டார். சீனருடைய மனைவி அன்னாசியைச் சீவி உப்புத் தடவி எங்களுக்குக் கொடுத்தாள். அம்மாவின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. ஒரு விரலால் அதன் கன்னத்தைத் தொட்டாள். உள்ளே போய் இருந்ததிலேயே பெரிய அன்னாசியாக ஒன்றை எடுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். அதைத் தின்கிற வயதா அது? ஆனால் அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்தது வங்காளிப் பண்ணை. தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர்களை நாங்கள் எல்லாரும் வங்காளி என்றுதான் சொல்வோம், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. டவுனை ஒட்டி இருபது முப்பது மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தவர் அவர். மீசையும் தாடியுமாக ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் மெல்லியது. அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் குழந்தையைத்தான் பார்த்தாள். உடனே கொஞ்சம் பால் கறக்கச் சொல்லிக் காய்ச்சினாள். பாதிக்குப் பாதி தண்ணீர் விடச் சொன்னார் அப்பா. அம்மா சங்கில் ஊற்றிப் புகட்டினாள்.

தங்கை குடித்தாள். பிறகு நாங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமாகூடப் பேசவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. வாந்தி வரவில்லை. ஒரு ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அசையவே இல்லை. கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

வங்காளி ஒரு பசுவைக் கொடுக்கச் சம்மதித்தார். கன்று போட்டு மூன்று மாதம் ஆனது, சாது, பிள்ளைகள் வீட்டுக்கு ஏற்றது என்றார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மாமா எழுந்து மாட்டின் பின்பக்கம் போனார். வாலைத் தூக்கினார்.

"துடைப்பச் சுழி" என்றார்.

"மச்சான், பேசாம வாங்க" என்றார் அப்பா.

மாமா பேசாமல் வருகிறவரா? எங்களிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. இந்த மாடு இருக்கிற வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் போகும், உங்களுக்கும் அதே கதிதான், ஜாக்கிரதை என்று வங்காளிக்கே மலாயில் எடுத்துச் சொன்னார். மலாயில் துடைப்பத்துக்கு வார்த்தை தெரியாததால் குனிந்து அவர் வாசலைப் பெருக்கியும் காட்டினார். வங்காளி தன் வாசலைப் பார்த்தார். தன் மாடுகளைப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். "இனி ஓராங் கிலா" என்றார். இந்த ஆள் பைத்தியம் என்று அர்த்தம். என் பெண்பிள்ளையைப் பழித்தாலும் பொறுப்பேன், என் மாட்டைப் பழித்த வீட்டுக்கு மாடு கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். துரையிடம்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வங்காளி வெளியே வரவில்லை.

அவர் மனைவிதான் ஒரு போத்தலில் பால் ஊற்றிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அது திரிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். ரயில் பாதையோரம் ஒரு தமிழ் வீட்டில் பசு இருக்கிறது, அவர்கள் ஊருக்குப் போகிறார்கள், போய்க் கேளுங்கள் என்று வழியும் சொன்னாள்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் அம்மா பேசினாள். "அண்ணே, இனிமே நீ வாயத் தொறந்தா அந்த எடத்துலயே உன்ன எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். பெக்கோக்குக்கு நடந்தே போயிக்க." அம்மா சத்தம் போடவில்லை. மாமா அதற்குப் பிறகு மாட்டை அதட்டுவதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை, மாடு தன் இஷ்டத்துக்கு நின்றது, தன் இஷ்டத்துக்குப் போனது.

ரயில் பாதையோரம் இருந்த வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. ரப்பர் விலை விழுந்து, அவர்கள் வேலை செய்த தோட்டத்தை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் அந்த இடத்தில் கீரை, மரவள்ளி போட்டுப் பிழைத்துப் பார்த்திருக்கிறார்கள். முடியவில்லை. அடுத்த வாரம் கப்பல். அந்த மனிதரும் மனைவியும் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இருந்த ஒரே பாயை அம்மாவுக்குப் போட்டார்கள்.

பசு பின்பக்கம் கட்டியிருந்தது. கறுப்பும் பழுப்புமாக, மடி நிறைய பாலோடு, பக்கத்தில் ஒரு கன்று. பார்க்கவே அழகு. மாமா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் முதுகைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அம்மா பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, போய் ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

வீட்டுக்காரரே சொன்னார். "டிரெஸ்ஸர் ஐயா, மறைக்கக் கூடாதுங்க. இதுக்குப் பாடைச் சுழி இருக்கு. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா இருக்கு பாருங்க. வாங்குறவங்க வீட்டுல பாடை கட்ட வெச்சிடும்பாங்க. அதான் யாரும் வாங்கல. கறிக்கு ஆளுங்க கேட்டாங்க. எம் பொண்டாட்டி குடுக்க மாட்டேன்னுட்டா."

"நீங்க நல்லாத்தான இருக்கீங்க?" என்றார் அப்பா.

"அது பொறந்த வீட்டுக்கு ஒண்ணும் செய்யாதுங்க. வாங்குறவங்களுக்குத்தான். மொதல்ல எந்தக் கை கயித்தப் புடிக்குதோ அந்தக் கைக்குத்தான்."

"நான்சென்ஸ்" என்றார் அப்பா.

"குடுக்கிறதக் குடுங்க ஐயா. புள்ளைக்குன்னு சொல்றீங்க. இந்தாங்க" என்று அவர் கயிற்றை அவிழ்த்து நீட்டினார்.

அப்பாவின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பையில் இருந்தன. அவை வெளியே வரவில்லை. கயிறு நீட்டியபடியே இருந்தது. காலையிலிருந்து பார்த்த சுழியையெல்லாம் நான்சென்ஸ் என்றவர், செத்தவர்களை எத்தனையோ முறை தன் கையால் தொட்டுப் போர்த்தியவர், ஒரு கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையை எடுத்தார். எடுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா எழுந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். "தலையப் பாத்துப் புடி" என்றாள். நேரே போய் அந்த மனிதரின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"வாங்குனது நான். அண்ணே, நீ சாட்சி" என்றாள்.

"ஐயோ தங்கச்சி" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது அம்மா வண்டியில் ஏறவில்லை. பசுவைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள், கன்று கூடவே வந்தது. அப்பாவும் ஏறவில்லை. நான் வண்டியின் பின்பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது. தம்பி அன்னாசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தான்.

"குடு, நான் புடிக்கிறேன்" என்றார் அப்பா.

"வேணாங்க."

"நான் புடிக்கத்தான் போனேன். கண்ணாடில தூசி."

"தெரியும்."

அப்பாவின் வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரைக்கும் செம்மண்.

"நீ எதுக்குப் புடிச்ச?" என்றார்.

"நீங்க போயிட்டா தோட்டத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. இந்த மூணையும் இழுத்துக்கிட்டு நான் கப்பல் ஏறணும். அவங்க மூட்டை கட்டி வெச்சிருந்ததப் பாத்தீங்கல்ல? நான் போனா நீங்க இன்னொருத்தியக் கட்டிக்கலாம். புள்ளைங்களுக்குச் சோறு கிடைக்கும்." கணக்குச் சொல்கிற குரலில்தான் அம்மா சொன்னாள். பிறகு, "எப்படியும் உங்க தலையில ரெட்டைச் சுழிதான இருக்கு" என்றாள்.

அப்பா நான்சென்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடமாட்டாரா என்று நான் வீடு வரும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை லயத்துக்கு நாவிதர் வந்தார். அப்பா போய் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது தலை மொட்டை. தம்பி யாரோ என்று பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். மாதாவுக்கு நேர்த்திக்கடனா என்று லயத்துக்காரர்கள் கேட்டார்கள், வெயில் தாங்கவில்லை என்றார். துரை கேட்டார், பேன் என்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். போடும்போது அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், குழம்பு இலையைத் தாண்டி ஓடியது.

மாமா அடுத்த மாதம் வந்து அந்த மொட்டையைப் பார்த்தார். அவர் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாரோ என்று எனக்குப் பதறியது. அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"மயிர் இல்லன்னா சுழி இல்ல மாப்ள. சாஸ்திரமே அப்படித்தான்" என்றார்.

அப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு மாமாவைப் பிடித்துப்போயிற்று.

இரண்டு சனிக்கிழமை கழித்து அப்பா தங்கையைத் தராசில் வைத்துவிட்டு எடையை உரக்கச் சொன்னார். கட்டுப் போட்டுக்கொள்ள வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். இன்று அவளுக்குப் பால் வாடையே ஆகாது, கோப்பியைக்கூடக் கறுப்பாகத்தான் குடிக்கிறாள். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

பசுவைத் தொட அப்பாவை அம்மா விடவில்லை. கறப்பது, கழுவுவது, புல் போடுவது எல்லாம் அவள்தான். அவளுக்குத் தலைவலியோ காய்ச்சலோ வந்தால் கொட்டகைக்குப் போய்ப் பசுவின் முன்னால் நின்று, "என்ன, இன்னிக்கா?" என்று கேட்பாள். அது அசை போட்டுக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷம் அப்படிக் கேட்டாள். ஒரு மழைக்காலத்தில் பசுதான் செத்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், அழுது முடித்துக் குளித்துவிட்டு வந்து, இரண்டு ஆள் சோற்றைச் சாப்பிட்டாள்.

பசு போன பிறகாவது அப்பா முடி வளர்ப்பார் என்று நினைத்தோம். வளர்க்கவில்லை. மாதம் இரண்டு முறை மொட்டை, தவறவே தவறாது. பெரிய முடிக்காரர் அவர், இரண்டு வாரத்தில் கறுகறுவென்று வந்துவிடும். ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. அவரைப் பிடிக்காமல் போன அந்த நிமிஷத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை.

ரொம்ப வருஷம் கழித்து அவர் கடைசியாகப் படுத்துவிட்டபோது, ஒரு மாதமாக யாரும் தலையைக் கவனிக்கவில்லை. முடி வெள்ளை வெளேரென்று வளர்ந்திருந்தது. நான் முதுகுக்குத் தலையணை வைப்பதற்காக அவரைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா பின்னால் நின்று அந்த உச்சந்தலையைப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டும் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பேச்சு நின்று நாலு நாள் ஆகியிருந்தது. கையைத் தூக்கித் தலையைத் தொடப் பார்த்தார், கை பாதியிலேயே விழுந்துவிட்டது.

"இருங்க, இருங்க. நான் எடுத்து விடறேன்" என்று அம்மா அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் அப்பாவின் சவரக் கத்தியும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.